மூன்று கையெழுத்துகள்

என் அக்காவுக்கு 1989 தை மாதக் கடைசியில் கல்யாணம். எனக்கு 1993 ஆவணியில். இரண்டுக்கும் நடுவில் மார்ச் 25, 1989 என்று ஒரு தேதி இருந்தது. அன்று முதல் செல்லும் என்று கொண்டுவரப்பட்ட இந்து வாரிசுரிமை (தமிழ்நாடு திருத்தம்) சட்டம், குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பால் உள்ள பங்கு மகளுக்கும் உண்டு என்றது. ஆனால் அந்தத் தேதிக்கு முன்பே மணமாகிப் போனவளுக்கு அது கிடையாது. ஒரே வீட்டில், ஒரே தட்டில் சோறு தின்று வளர்ந்த எங்கள் இருவரையும் சட்டம் இப்படி இரண்டு வகைப் பெண்களாகப் பிரித்து வைத்திருந்தது. பிரிந்தது எங்களுக்குத் தெரியாது. அக்காவுக்குப் போனது என்ன, எனக்கு வந்தது என்ன என்று நான் உட்கார்ந்து கணக்குப் போட்டபோது எனக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

எங்கள் தலைமுறை சமூகத்தில் எதை மாற்றியது என்று எழுத உட்கார்ந்ததும் இந்தத் தேதிதான் முதலில் வந்து நிற்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எழுத முடியுமா என்று பார்த்தேன். முடியவில்லை.

எங்கள் தலைமுறை என்று நான் சொல்வது 1960களின் பிற்பாதியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் பிறந்தவர்களை. எங்கள் ஊர் செந்துறைப் பக்கம். நான் பிறந்தபோது அது திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானபோது பெரம்பலூர்க்காரர்கள் ஆனோம். 2001இல் அரியலூர் பிரிந்தது. அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூரோடு சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பரில் மறுபடி பிரித்தார்கள். அக்கா வாழ்க்கைப்பட்டது வேப்பந்தட்டைப் பக்கம். உட்கார்ந்த இடத்திலேயே நான் மாவட்டம் மாறிக்கொண்டிருந்தேன், அவள் ஒரு தடவைதான் மாறினாள். பெண்கள்தான் ஊர் மாறுவார்கள் என்று யார் சொன்னது என்று அவளைக் கேலி செய்வேன்.

வானம் பார்த்த பூமி. ஒரு பக்கம் செம்மண்ணில் கடலையும் முந்திரியும், இன்னொரு பக்கம் கரிசலில் பருத்தி, பெரம்பலூர்ப் பக்கம் போனால் சின்ன வெங்காயம். மண்ணுக்கடியில் சுண்ணாம்புக்கல், அதனால் சிமெண்ட் ஆலைகள். ஆலையில் வேலை ஆண்களுக்கு. காட்டில் வேலை பெண்களுக்கு. களை வெட்டுவது, கடலை பிடுங்குவது, பருத்தி எடுப்பது, வெங்காயத்துக்குத் தாள் அறுப்பது எல்லாம் எங்கள் அம்மாக்கள்தான். அந்தக் காட்டில் ஒரு சென்ட் கூட அவர்கள் பெயரில் இல்லை. என் அம்மா கூட்டுறவுச் சங்கத்துக் கடன் தாளிலும் கைநாட்டு, ரேஷன் கடைப் பதிவேட்டிலும் கைநாட்டு. கட்டைவிரலை மையிலிருந்து எடுத்ததும் தலைமுடியில் தேய்த்துக்கொள்வாள். 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் 51 சதவீதம். எங்கள் ஊர்த் தெருவில் நின்று எண்ணியிருந்தால் அதில் பாதி தேறியிருக்காது.

அறிவொளி வந்தது அந்தச் சமயத்தில்தான். எர்ணாகுளத்தில் தொடங்கிய முழு எழுத்தறிவு இயக்கம் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குப் பரவியது. பக்கத்துப் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் இருந்தபோது கல் உடைக்கும் பெண்களும் வயல்வேலைப் பெண்களும் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டு சாலையை நிரப்பினார்கள். அந்தக் கதை இன்று பாடப்புத்தகம் வரை போய்விட்டது. நான் இங்கே திரும்பச் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு மாப்பிள்ளைக்காகக் காத்திருந்த என்னைப் போன்ற பெண்கள் திண்ணைக்குத் திண்ணை அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சம்பளம் கிடையாது. பொழுது சாய்ந்து, உலை வைத்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, பிள்ளைக்குச் சோறு போட்டு முடித்துவிட்டு எட்டரை மணிக்கு மேல் வருவார்கள். பாதிப்பேர் சிலேட்டை மடியில் வைத்தபடியே தூங்கிவிழுவார்கள். என் வகுப்பில் என் அம்மாவும் இருந்தாள். மகளிடம் படிக்க வெட்கப்பட்டு முதல் வாரம் தூணுக்குப் பின்னால்தான் உட்கார்ந்தாள்.

சுலபமான எழுத்துகளாகப் பார்த்து முதலில் நான் எழுதிக்காட்டிய சொற்களில் ஒன்று ‘பட்டா’. ப, ட்டா. இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். “பட்டான்னா காயிதந்தானே, அது உங்கப்பா பெட்டியில கெடக்கு” என்றாள் ஒரு சித்தி. எல்லோரும் சிரித்தோம். அடுத்த சொல்லுக்குப் போய்விட்டேன்.

காலனியிலும் ஒரு வகுப்பு நடந்தது. தனியாகத்தான். ஊரும் காலனியும் ஒரே விளக்கடியில் உட்காரவில்லை, உட்கார வைக்க நாங்களும் முயலவில்லை. எழுத்தறிவு வந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று நம்பியிருந்தோம், அல்லது அப்படிச் சொல்லிக்கொள்வது வசதியாக இருந்தது. அங்கே பாடம் நடத்திய பெண் பிற்பாடு என்னிடம் சொன்னது: அதே ‘பட்டா’வை எழுதிக்காட்டிய அன்று அங்கே யாரும் சிரிக்கவில்லை. “எங்க வூட்டு மனைக்கு ஏன் அது இல்ல?” என்று கேட்டார்களாம். அடுத்த மாதம் மனுக்கள் எழுதினார்கள். எழுத்து யாரை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பது அவரவர் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. நான் டீச்சர், ஆனால் அந்தச் சொல்லைச் சரியாகப் படித்தவர்கள் அவர்கள்தான்.

அந்தப் பத்தாண்டில் எங்கள் மேல் சட்டங்களும் திட்டங்களும் மழைபோலப் பெய்தன. 1989இல்தான் அரசு வேலையில் பெண்களுக்கு 30 சதவீத ஒதுக்கீடு வந்தது. எட்டாவது வரை படித்த ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு 5000 ரூபாய் என்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திட்டம் வந்ததும் அதே ஆண்டு. ஐந்தாவதோடு நிறுத்த இருந்த எத்தனையோ பெண்களை அந்த ஐயாயிரம் மேலும் மூன்று வருடம் பள்ளிக்கூடத்தில் உட்கார வைத்தது. கல்யாணத்தைக் காட்டிப் படிக்க வைப்பது எங்கள் ஆட்களுக்குப் புரிகிற கணக்கு. தேவதாசி முறையை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவரின் பெயரைக் கல்யாணச் செலவுக்கு வைத்ததில் எனக்கு எப்போதும் ஒரு நெருடல் உண்டு. ஆனாலும் அதில் படித்தவர்கள் படித்தார்கள்தான்.

பிறகு 1996 அக்டோபர். பத்து ஆண்டுகளாக நடக்காத உள்ளாட்சித் தேர்தல், மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்ற புதுச் சட்டத்தோடு நடந்தது. எங்கள் திண்ணை வகுப்பில் படித்தவர்களிலேயே இரண்டு பேர் வார்டு உறுப்பினர் ஆனார்கள். ‘பிரசிடெண்ட் வீட்டுக்காரர்’ என்று ஒரு புதுப் பதவியும் அப்போதுதான் பிறந்தது. தலைவரம்மா வீட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்புவார், நாற்காலியில் அவர் உட்காருவார். பத்திரிகைகள் இதைக் கிண்டலடித்து எழுதித் தீர்த்தன. நான் பார்த்தது கொஞ்சம் வேறு. முதல் இரண்டு வருடம் அப்படித்தான் போனது. மூன்றாம் வருடம் போர்வெல் மோட்டார் எரிந்துபோய், கோடையில் நாற்பது குடத்தோடு பெண்கள் தலைவரம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்தபோது, வீட்டுக்காரர் பின்வாசல் வழியாகப் போய்விட்டார். அந்த அம்மாதான் யூனியன் ஆபீசுக்குப் பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அவர் வீட்டுக்குள் தங்கவில்லை. தண்ணீரைப் பேசினால் என்ன நடக்கும் என்பதையும் நாங்கள் தெரிந்தேதான் இருந்தோம். மதுரையில் மாமன்ற உறுப்பினர் லீலாவதியை 1997 ஏப்ரலில் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றிருந்தார்கள். ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் தலித் பெண் தலைவர் தரையில் உட்கார வேண்டியிருந்ததும் இதே தமிழ்நாட்டில்தான், இதே ஆண்டுகளில்தான்.

இன்று பெரம்பலூர் மாவட்டத்தில் 121 ஊராட்சிகள், அரியலூரில் 201. 2016இல் ஒதுக்கீடு பாதியாக உயர்ந்தது. அந்தக் கணக்கில் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. பெண் தலைவர் என்பது இப்போது யாருக்கும் செய்தி இல்லை. சுய உதவிக் குழுக்கள் வந்தன, மகளிர் திட்டம் வந்தது, வங்கிக்குள் காலடி வைத்தோம், கூடவே கடனும் வந்தது. 2001இல் தாழ்த்தப்பட்ட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் பின்னால் எல்லோருக்கும் ஆனது. காலையில் செந்துறைச் சாலையில் பிள்ளைகள் வரிசையாக மிதித்துப் போவதைப் பார்த்தால், நான் சைக்கிள் பழகியதற்கு அப்பாயி என்னைத் துடைப்பத்தால் அடித்த கதையை என் மகளே நம்ப மறுக்கிறாள்.

இத்தனையும் நாங்கள் செய்தது, அல்லது எங்கள் காலத்தில் நடந்தது. இவற்றை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இவை எல்லாமே வீட்டு வாசலுக்கு வெளியில் நடந்தவை. ஆபீசரிடம் கேட்டோம், கலெக்டரிடம் கேட்டோம், கட்சிக்காரரிடம் கேட்டோம். அண்ணனிடம் கேட்கவில்லை.

அப்பா 1997இல் இறந்தார். பூர்வீக நிலம் மூன்று ஏக்கர், மானாவாரி. பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில மாதம் கழித்து அண்ணன் வந்தான். “பேங்க்ல கிணத்துக்கு லோன் கேட்டிருக்கேன், பேரு மாத்தணுமாம். ஒரு கையெழுத்து போட்டுட்டு வந்துருங்க” என்றான். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அவனுக்கும் எங்கள் பங்கு பற்றித் தெரியாது. ஆபீசில் கேட்டார்கள், வந்தான். 1998இல் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மா, அக்கா, நான் மூவரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போனோம். பத்திர எழுத்தர் மரத்தடியில் வைத்துப் படித்துக்காட்டினார். அந்தப் பத்திரத்துக்கு எங்கள் பக்கம் பெயர் ‘விடுதலைப் பத்திரம்’. எங்கள் பாத்தியதையை அண்ணனுக்கு ‘விடுதலை’ செய்து கொடுப்பதாக வரி போனது. விடுதலை என்ற சொல்லை மேடையில் எத்தனை தடவை பேசியிருப்பேன்! அங்கே அது உறைக்கவில்லை.

உள்ளே எழுத்தர் பழக்கதோஷத்தில் அம்மா முன்னால் மைப்பெட்டியைத் தள்ளினார். அம்மா அதை நகர்த்திவிட்டுப் பேனாவைக் கேட்டாள். பேரை எழுத்துக்கூட்டி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோடு தாண்டாமல் எழுதினாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு நெஞ்சு விம்மியது. என் வகுப்பில் படித்தவள்! (கையெழுத்துப் போட்டாலும் பெருவிரல் ரேகையும் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம். அதற்கும் விரலை நீட்டினாள்.) அடுத்து அக்கா, அதற்கடுத்து நான். வெளியே வந்ததும் அண்ணன் எங்களுக்குப் புரோட்டாவும் புடவையும் வாங்கிக் கொடுத்தான்.

அந்தப் பெருமிதத்தை இன்று நினைத்தால் கூசுகிறது, ஆனால் அது பொய்யில்லை. அந்த இரண்டும் ஒரே காகிதத்தில் இருக்கின்றன.

பிற்பாடு போட்ட கணக்கு இது. 1989 சட்டப்படி அப்பா, அண்ணன், நான் மூவரும் பங்காளிகள். ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் மூன்றில் ஒன்று அவர் இறந்ததும் அம்மா, அண்ணன், அக்கா, நான் என்று நான்காகப் பிரியும். மொத்த நிலத்தைப் பன்னிரண்டு கூறாக வைத்தால் அண்ணனுக்கு ஐந்து, எனக்கு ஐந்து, அக்காவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. மூன்று ஏக்கரில் எனக்கு ஒன்றேகால் ஏக்கர், அக்காவுக்கு 25 சென்ட். தைக்குப் பதில் சித்திரையில் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தால் அவளும் ஒரு பங்காளி. அவளுக்கும் அண்ணனுக்குச் சமமாகவே வந்திருக்கும். அவளைக் கட்டிக்கொடுத்த அந்த வருடம் மழை பொய்த்துக் கடன் வாங்கிச் செய்தார்கள்.

இந்தச் சட்டம் வானத்திலிருந்து விழுந்ததும் இல்லை. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது சட்டமாக அறுபது வருடம் பிடித்தது. ஆந்திரம் நமக்குக் கொஞ்சம் முன்னால், மகாராஷ்டிரமும் கர்நாடகமும் பின்னால். 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுக்க, மணமானவள் மணமாகாதவள் என்ற பிரிவு இல்லாமல் எல்லா மகள்களுக்கும் உரிமை வந்தது. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தெளிவாக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பு முறைப்படி பதிவாகி முடிந்துபோனவற்றை யாரும் தொட முடியாது. எங்கள் பத்திரம் 1998. எழுத்துப் பிழை இல்லாத பத்திரம்.

தெரிந்திருந்தால் கேட்டிருப்பேனா? இந்தக் கேள்வியை என் வயதுப் பெண்கள் பலரிடம் கேட்டுவிட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: “பொறந்த வூட்டு வாசல அடைச்சிக்க முடியுமா?” பிள்ளைக்குக் காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். பெண் பெரியவளானால் தாய்மாமன் சீர் வேண்டும். புருஷன் அடித்தால் நாலு நாள் வந்து கிடக்க ஒரு திண்ணை வேண்டும். ஒன்றேகால் ஏக்கரை விட்டுக்கொடுத்து நாங்கள் வாங்கியது அந்தத் திண்ணையைத்தான். அண்ணன்மார்களை வில்லனாக்கி எழுதுவது சுலபம். நிலத்தைக் கேட்கிறவளுக்குப் போக்கிடம் இல்லாமல் செய்து வைத்திருந்த ஏற்பாடு அண்ணனைவிடப் பழையது.

2011 கணக்கெடுப்பில் எங்கள் பக்கத்து எண்கள் வந்தபோது இரண்டு வகைச் செய்தி இருந்தது. பெண்களின் எழுத்தறிவு பெரம்பலூரில் கிட்டத்தட்ட 66 சதவீதம், அரியலூரில் 62 சதவீதத்தை ஒட்டி. நாங்கள் எங்கே தொடங்கினோம் என்று தெரிந்தவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை. இன்னொரு எண், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 1000 ஆணுக்கு எத்தனை பெண் என்பது. பெரம்பலூரில் 913. அரியலூரில் 897. மாநிலத்தின் எண் 943. மொத்த மக்கள்தொகையில் இரண்டு மாவட்டத்திலும் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம். தொட்டில் வயதில்தான் குறைச்சல். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2011க்குப் பிறகு அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நீட்டித்தார்கள்.

உசிலம்பட்டி என்றும் சேலம் என்றும் எழுதியவர்கள் யாரும் எங்களை நினைத்ததில்லை. நாங்களும்தான். அந்த 897ஐப் பெற்றவர்கள் யார்? எங்களிடம் படித்தவர்களின் மகள்கள், மருமகள்கள், எங்கள் தங்கச்சிகள். கருவில் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் சட்டம் 1994இலேயே வந்துவிட்டது. இரண்டு பிள்ளை போதும் என்பதை எங்கள் தலைமுறைதான் வழக்கமாக்கியது. ஆபரேஷன் செய்துகொண்டதும் பெண்கள்தான். இரண்டில் ஒன்றாவது ஆணாக இருக்கட்டும் என்ற எண்ணத்தை மாற்ற எதுவும் செய்யவில்லை. நகையும் ரொக்கமும் கொண்டு போகிறவள், நிலத்துக்கு உரியவள் இல்லை என்றால் அவள் செலவுக் கணக்கில்தான் வருவாள். என் ஒன்றேகால் ஏக்கரையும் 897ஐயும் நேர்க்கோட்டில் இணைக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். இரண்டையும் தனித்தனியாகவும் வைக்க முடியவில்லை.

அடுத்த தலைமுறையின் பெயரைச் சொல்ல வேண்டுமென்றால் எங்கள் செந்துறைப் பக்கத்தில் குழுமூர் அனிதாவைத்தான் சொல்வோம். சுமைதூக்கும் தொழிலாளியின் மகள், பிளஸ் டூவில் 1200க்கு 1176. நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போய் நின்றாள். 2017 செப்டம்பர் 1 அன்று நாம் அவளை இழந்தோம். அவள் சாவுக்கு வந்த கூட்டத்தில் என் பழைய மாணவிகள் பலரைப் பார்த்தேன், பேத்திகளோடு வந்திருந்தார்கள். இன்று அரசு மருத்துவக் கல்லூரி அரியலூரிலேயே இருக்கிறது. அதன் அரங்கத்துக்கு அனிதா பெயர் வைத்திருக்கிறார்கள்.

பெண் பெயரில் பத்து லட்சம் வரையிலான சொத்தைப் பதிவு செய்தால் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு என்று 2025 ஏப்ரலிலிருந்து ஒரு சலுகை வந்திருக்கிறது. அண்ணன் அதை விசாரித்தான். மகனுக்கு நிலத்தைச் செட்டில்மெண்ட் எழுதுகிறான், மருமகள் பெயரில் எழுதினால் லாபமா என்று கேட்டான். சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டான். “உன் பொண்ணுக்கு?” என்றேன். “அது என்ன, கேட்டுச்சா?” என்றான், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

அவள் திருச்சியில் நர்சாக இருக்கிறாள். அன்று ராத்திரியே போன் செய்து, ஐந்து, ஐந்து, ஒன்று, ஒன்று என்று எங்கள் கணக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அத்தை, அப்பாயி கையெழுத்துப் போட்ட அந்தப் பத்திரத்த போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?” என்று கேட்டாள். அது என்னிடம் இல்லை. விடுதலை செய்து கொடுத்தவர்களுக்குப் பத்திரம் தர மாட்டார்கள். அது அண்ணன் பீரோவில் இருக்கிறது. ரிஜிஸ்டர் ஆபீசில் நகலுக்கு மனுப் போட்டிருக்கிறேன். பத்திர எண் தெரியாததால் 1998ஆம் ஆண்டு முழுக்கத் தேட வேண்டும் என்றார்கள். தேடட்டும்.